ஆறாம் நாள்: தறி ஓடவில்லை

ஒன்பதாம் வகுப்பு, ஆ பிரிவு.
நாற்பத்தொரு ஆய்வேடுகள்.
சோமனூர் கடைசிப் பேருந்துக்குள்
முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தவள்
பதினேழில் நிற்கிறேன்.

பிரகதீஷின் வெந்தயம்
நாளுக்கு அரை சென்டிமீட்டர், பிசகாமல்.
ஒரே பேனா, ஒரே அழுத்தம், ஒரே சாய்வு.
எட்டாம் நாள் ஞாயிறு.
அன்று கொடுமுடிக் கல்யாணத்தில்
எனக்கு எதிர்ப்பந்தியில் இருந்தான்,
மூன்றாவது ஒப்புட்டுக்கு இலையை நகர்த்திக்கொண்டு.
வெந்தயம் வீட்டில்
தன்னைத்தானே அளந்துகொண்டது போல.

பதினெட்டு, கௌசிகா:
'விசைத்தறிச் சத்தத்தில்
தட்டப்பயிறு சீக்கிரம் வளருமா?'
திட்டத் தாளிலேயே கேட்டிருந்தேன்,
எதை மாற்றுவாய், எதை மாற்றாமல் வைப்பாய்.
'சத்தத்தை மாற்றுவேன். மற்றதெல்லாம் அப்படியே.'
அப்படியேவுக்கு அடியில் இரண்டு கோடு.

ஒரு டம்ளர் தறிக்குடோனில்,
ஒரு டம்ளர் மாமன் வீட்டு மாட்டுச்சாளையில்.
இலைமேல் பஞ்சு படிந்ததாம். துடைக்கவில்லையாம்,
துடைத்தால் அது இன்னொரு மாற்றம்.
ஐந்து நாள் எல்லாம் ஒழுங்கு.

'ஆறாம் நாள்: கூலி உயர்வு ஸ்ட்ரைக்.
தறி ஓடவில்லை. பயிறு 4.1.
ஏழாம் நாள்: ஓடவில்லை. 4.8.
எட்டாம் நாள்: ஓடவில்லை. 5.2.
அம்மா மத்தியானம் தூங்கினாங்க.
ஆய்வுக்குச் சம்பந்தமில்லை.
ஒன்பதாம் நாள்: 5.9. தம்பி தூங்கவில்லை.
தறி நின்றதிலிருந்து இப்படித்தான்.
சம்பந்தமில்லை.'

மதிப்பெண் பட்டியலை விரிக்கிறேன்.
மாறிகளைக் கட்டுப்படுத்துதல், ஐந்துக்கு.
சங்கத்தையும் முதலாளிகளையும்
பதினாலு வயசுப் பிள்ளை
எப்படிக் கட்டுப்படுத்தும்?
இரண்டு போட்டேன்.
அடித்து, மூன்று.
முடிவு, ஐந்துக்கு.
'இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது'
என்று எழுதியிருந்தாள்.
ஐந்து.

பிரகதீஷின் ஏட்டை மறுபடி எடுத்து
'ஞாயிறு?' என்று மட்டும் ஓரத்தில் எழுதி
எண் போடாமல் தனியே வைத்தேன்.

இரண்டு 'சம்பந்தமில்லை'க்கும்
பட்டியலில் கட்டம் இல்லை.
இரண்டாவதன் பக்கத்தில், சிவப்பு மையில்:
எத்தனை தடவை பார்த்தாய்?
பேருந்து போயிருந்தது.

திங்கட்கிழமை ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள்.
ஸ்ட்ரைக் முடிந்திருந்தது,
சட்டைத் தோளில் மறுபடி பஞ்சு.
"தறி நின்னா முழிச்சுக்கறானுங் டீச்சர்.
கரண்ட் போனாலும், சோத்துக்கு நிறுத்துனாலும்.
ஒம்பது தடவை பாத்துட்டனுங்."
கையில் புதுத் திட்டத் தாள்:
'சத்தம் நின்றால் குழந்தை ஏன் விழிக்கிறது?'

'ஏன்' என்பதை அடித்தேன்.
'விழிக்கிறது' என்பதை 'விழிக்கிறதா' என்று திருத்தினேன்.
கீழே ஒரு வரி:
விழிக்காத தடவைகளையும் எண்ணு.

அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"அவன் தூங்குனா
நான் அந்தப் பக்கமே போகலீங் டீச்சர்."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.
தொடங்கும் நாள் என்ற இடத்தில்
தேதியை எழுதி,
என் தலைக்கு மேலிருந்த கடிகாரத்தைப் பார்த்து
நிமிடத்தையும் எழுதிக்கொண்டாள்.