வார்

எல்லீஸ் நகர் வாரியக் குடியிருப்பின்
மூன்றாம் மாடி பால்கனியிலிருந்து
ஒரு மைனாவை நம்பிக் குதித்தது கோந்து.
மைனா வேப்பமரத்துக்குப் போய்விட்டது.
கோந்து, ராஜாங்கத்தின் டிவிஎஸ் சீட்டில் மோதி
அப்புறம் தரைக்கு.

கால்நடை ஆஸ்பத்திரியில்
பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்கள்.
தினம் எண்பது பேரைப் படமெடுக்கிறவள் நான்,
பெரியாஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில்.
இந்தத் தீக்குச்சி எலும்பின் கீறலைப் பார்க்க
மூன்று தடவை கண்ணாடி துடைத்தேன்.

பால்கனிக்குக் கம்பிவலை அடித்தாயிற்று.
கால் கூடிவிட்டது. கத்தல் நிற்கவில்லை.
வலைக்குப் பின்னால் உட்கார்ந்து
விடிய விடிய வேப்பமரத்தைத் திட்டியது.

கூரியரில் வார் வந்தது.
பச்சை நிறம், ஆகச் சின்ன அளவு.
அட்டையில் ஒரு நாய்க்குட்டி சிரித்தது;
அதைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான்
கோந்திடம் காட்டினேன்.

சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில்
நான்கு நாள் சும்மா கிடந்தது வார்.
மேலே நெத்திலிக் கருவாடு வைத்தேன்.
கருவாடு போனது, வார் இருந்தது.
ஒட்டுப்பட்டையைப் பிரிக்கும் சர்ர்ருக்கு
ஒரு பகல் முழுக்கக் கட்டிலடியில் கிடந்தது.
பிறகு அந்தச் சத்தத்தை நானே
குழம்பு கொதிக்கையில், போன் பேசுகையில்
சும்மா சும்மா எழுப்பினேன்,
சத்தத்துக்கு ஒரு நெத்திலி வீதம்.
பக்கத்து வீட்டு பெனாசிர் எட்டிப் பார்த்தாள்:
"என்னக்கா, எந்நேரமும் என்னத்தக் கிழிக்கிறீங்க?"

பூட்டிய அன்று
கடிக்கும் என்று கையில் துண்டு சுற்றியிருந்தேன்.
கடிக்கவில்லை.
பக்கவாட்டில் மெல்லச் சாய்ந்து
செத்த பூனையாகப் படுத்துவிட்டது.
இரண்டு விரல் நுழைகிறது, பார்த்துவிட்டேன்.
இறுக்கமில்லை. வலியுமில்லை.
முதுகில் ஏதோ இருக்கிறது,
அவ்வளவுதான்.

தெரியும் எனக்கு.
பத்தொன்பது வயதில் முதல்முதலாகக்
காரீய அங்கி மாட்டிய காலையில்
கதவுக்கு நாலு எட்டு வைக்க முடியாமல்
சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
'ஒன்னயக் காப்பாத்தத்தாம்மா' என்று
சீனியர் கிருபாகரன் சிரித்தார்.
சொன்னதனால் கனம் குறையவில்லை.

ஆகவே கோந்திடம் அதைச் சொல்லவில்லை.
பக்கத்தில் தரையில் நானும் படுத்தேன்.
மின்விசிறி இறக்கையின் ஒட்டடையை
இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பங்குனியில் ஒரு ஞாயிறு,
நைட் டூட்டி முடிந்து வந்த கையோடு
படியிறங்கினோம்.
பூனையை நடத்திப் போவது என்பது
பேச்சுக்குத்தான்.
ஒரே ஒரு புல்லை
அது கால் மணி நேரம் மோந்தது.
கயிற்றின் மறுமுனையில் நான்
அதனுடைய சாமான் போல நின்றேன்.

பிறகு என்ன தோன்றியதோ,
தெருவைக் குறுக்கே கடக்கக் கிளம்பியது.
பால் பாக்கெட்டோடு வந்த ராஜாங்கம்
வண்டியை நிறுத்தி ஒரு காலை ஊன்றினார்.
கோந்தைப் பார்த்தார்.
கயிற்றைப் பிடித்தே கண் நகர்ந்து
என்னிடம் வந்து சேர்ந்தார்.
"ஏம்மா தங்கபுஷ்பம்,
கயிறு கட்டுன பூன குறுக்க போனா
அதுக்குச் சகுனம் உண்டா, இல்லையா?"
"தெரியலண்ணே. நானும் சேந்துல்ல போறேன்."
அவர் யோசித்தார்,
வண்டியைத் திருப்பாமல்,
கிளப்பவும் செய்யாமல்.

திருப்பத்தில் தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது.
நடுத்தெருவில்
பெயருக்கேற்ப ஒட்டிக்கொண்டது கோந்து.
கயிறு விறைத்தது.
இழுக்கக் கூடாது. தூக்கவும் கூடாது.
எண்பது பேருக்குச் சொல்வதை
எனக்குச் சொல்லிக்கொண்டேன்:
மூச்ச இழுத்துப் பிடிங்க.
அசையாதீங்க.

ராஜாங்கத்துக்குப் பின்னால் லாரி நின்றது.
லாரிக்குப் பின்னால் ஷேர் ஆட்டோ.
மதுரையில், நம்புங்கள்,
அரை நிமிடம் யாரும் ஹாரன் அடிக்கவில்லை.

கோந்தின் ஒரு காது திரும்பியது.
உடைந்து கூடின காலைத்தான்
முதலில் எடுத்து வைத்தது.
அப்புறம் வால், நிமிர்ந்து.
வேப்பமரத்தடிக்குப் போய்
அண்ணாந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னது.

"விடுங்க" என்றேன், சத்தமாகவே.
ராஜாங்கம் வண்டியை விட்டார்.