இரவு பதினொன்றுக்கு நாற்பத்தொன்று

கூழ் ஆலையின் குளிர் அறைக்கு
வெப்பப் பதிவேடு எழுதுகிறவள் நான்.
மாம்பழக் கூழுக்கு மைனஸ் பதினெட்டு.
ஒரு டிகிரி ஏறினால்
சூப்பர்வைசர் செருப்பு மாட்டாமல் ஓடி வருவார்.
குழாய்க்கெல்லாம் கறுப்பு உறை,
கதவுக்கு ரப்பர் உதடு.

வீட்டில் மூன்று பேர் வெந்துகொண்டிருந்தோம்.
அதற்குப் பதிவேடு இல்லை.

ஒரு நாள் அந்தத் துப்பாக்கியைக்
கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன்,
தொடாமலே சூட்டைச் சொல்லும் கருவி.
மே மாதம். கிருஷ்ணகிரி, பழையபேட்டை.
இரவு பதினொன்று.
கூரை: நாற்பத்தொன்று.
மேற்குச் சுவர்: முப்பத்தொன்பது.
தூங்கும் மகனின் நெற்றி: முப்பத்தாறு.
சென்னகேசவன் பக்கம் திருப்பினேன்.
"சுடாதே" என்றார்,
ஏற்கெனவே சுட்டுக் கிடந்தவர்.

எண்பத்தாறில் யாரோ கட்டி
நாங்கள் கடனில் வாங்கிய வீடு.
கம்பிக்கும் சிமெண்டுக்கும் கணக்குப் பார்க்காதவர்கள்
வெயிலை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை.
பகலெல்லாம் தளம் கைநீட்டி வாங்கியதை
இரவெல்லாம் எங்கள் தலையில்
வட்டியோடு கட்டும்.
மின்விசிறி அதையே சுழற்றிப்
பந்தியில் பரிமாறும்.

அவருக்கு ஏசி வேண்டும்.
ஒன்றரை டன், பதினெட்டு மாதத் தவணை.
விலைச்சீட்டு தலையணைக்கு அடியில்.
"ஓட்டைக் குடத்துக்கு
எதற்கு ஒன்றரை டன் தண்ணீர்?" என்றேன்.
மின்வாரிய அட்டையை விரித்தேன்:
ஐந்நூற்றுப் பன்னிரண்டு.
அந்தப் பன்னிரண்டு யூனிட்
கீழே இருக்கும் ஐந்நூறையும்
விலையேற்றிவிடும் என்பது
அவருக்கும் தெரியும்.
மூன்று ஞாயிறு பேசவில்லை.

நான்காம் ஞாயிறு
மேஸ்திரி திம்மராயன்
சாக்குச் சாக்காய் இறக்கினார்
உடைந்த வெள்ளை டைல்ஸ் சில்லுகளை.
யார் யார் வீட்டுக் குளியலறையோ.
ஒன்றில் அரை ரோஜா,
ஒன்றில் வாத்தின் கால் மட்டும்.
சுண்ணாம்புக் கலவையில் பதித்து முடித்தபோது
நடுப்பகலில் மாடிக்குப் போனால்
கண்ணைத் திறக்க முடியவில்லை.
வெயில் வந்த வழியே திரும்பிப் போனது.
மேற்குச் சுவருக்கு மூங்கில் தட்டி,
அதன்மேல் பீர்க்கங்கொடி.
சமையலறைக் குண்டு பல்பு குப்பைக்கு.

அப்புறம்தான் அந்தச் சத்தம்.
வடக்குச் சுவரைத் தட்டிக்கொண்டே வந்தவர்
உச்சியில் நின்றார். பொத்தென்றது.
பூச்சை உடைத்தால்
செங்கல் அடைத்த ஒரு வெண்டிலேட்டர்.
மேலே ஏறிய சூடு
இருபது வருடமாகக் கதவு தட்டிக்கொண்டிருந்த இடம்.

பக்கத்து வீட்டு வெங்கடலட்சுமி
மதிலுக்கு மேல் தலையை நீட்டினாள்.
"அது எங்க மாமனாருக்கும்
உங்களுக்கு விற்றவருக்கும் சண்டை.
சாக்கடை எந்தப் பக்கம் போவதென்று.
ஒரே வாரத்தில் அடைத்தார்."
கொஞ்சம் யோசித்தாள்.
"இப்போது திறந்தால்
உங்கள் வீட்டுச் சூடு எங்கள் பக்கம் வருமே?"

வாதாட எனக்கு வராது.
துப்பாக்கியை எடுத்துக்கொண்டு
அவள் வீட்டுக்குள் போய்
கூரையைச் சுட்டேன்.
நாற்பத்திரண்டு.
எங்களுடையதை அன்று காலையே பார்த்திருந்தேன்,
சொல்லவில்லை. அவளே வந்து பார்த்தாள்.
வெகுநேரம் அண்ணாந்து நின்றாள்.
"சில்லு மிச்சம் இருக்கா?"

அடுத்த அட்டையில் முந்நூற்றெண்பத்தாறு.
குளிர் என்று பொய் சொல்ல மாட்டேன்,
மே மாதம் மே மாதம்தான்.
கூரை முப்பத்துநான்கில் நிற்கிறது.
வெண்டிலேட்டர் வழியாக
அவர்கள் வீட்டு சீரியல் முழுவதும் கேட்கிறது,
மருமகள் யாரென்று இப்போது எனக்கும் தெரியும்.
விலைச்சீட்டு தலையணைக்கு அடியில்தான் இன்னும்.
அதைப் பற்றி நானும் கேட்பதில்லை.

துப்பாக்கியை ஆலையில் ஒப்படைத்துவிட்டு
இருவரும் பாதிப் பாதி போட்டு
ஒன்று வாங்கினோம்.
இரவு பதினொன்றுக்கு அவள்
தன் எண்ணைக் கத்துகிறாள்,
நான் என் எண்ணைக் கத்துகிறேன்.
இரண்டு பக்கமும் ஆண்கள்
"தூங்க விடுங்களேன்" என்கிறார்கள்.

போன வருடம் இதைச் சொல்ல
அவர்களுக்கு வழியே இல்லை.