ஒரு அடிக்கு இரண்டு சத்தம்

மல்லாவி விளையாட்டுக் கழக மைதானம்.
நாலு பாலைக் கட்டை, லொறி டயர்கள்,
மேலே நீலப் படங்கு.
அதுதான் மேடை.

நான் கொழும்பில் பழகினவன்.
என் குத்து தாடைக்கு ஒரு விரல் முன்னே நின்றுவிடும்;
சத்தத்தை என் தொடை போடும்.

வாகீசன் அப்படியில்லை.
பகலில் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவன்.
அவன் அறைந்தால்
நெஞ்சில் ஐந்து விரலையும் எண்ணலாம்,
மோதிரம் உட்பட.

கழுத்துப் பிடிக்குள் கிடந்தபடி
"மெல்ல, மச்சான்" என்றேன்.
"மெல்லத்தான் அடிக்கிறன்" என்றான்.

என் முறை.
சுழன்று, தொடை தட்டி, அழகாய் ஒரு குத்து.
அவன் நின்றான்.
கச்சான் கொறித்த சனமும்
கொறிப்பை நிறுத்தியது.
"படாத அடிக்கு
எப்பிடியடா விழுறது?"
கேலியில்லை. உண்மையாகவே கேட்டான்.

அடித்தேன்.
என் மணிக்கட்டு வீங்கியது.
அவன் சந்தோஷமாய் விழுந்தான்.

அடுத்த கிழமை ஒட்டுசுட்டானில்
எனக்காகப் பழகிக்கொண்டு வந்திருந்தான்:
ஒரு கை ஓங்க, மறு கை தொடையில் தட்டியது.
அறை மட்டும் குறையவில்லை.
எந்தச் சத்தத்துக்கு விழுந்தேன் என்று
அந்த டயர்களைத்தான் கேட்கவேண்டும்.