நார்ச்சி

சுண்டெலிக்கு மாதத் தூரம் கிடையாது.
கட்டியும் தானாக வராது.
"நாம்தான் கொடுக்க வேண்டும்" என்றார்
முதல் நாளே, யுகேந்திரி படையாச்சி டாக்டர்.
கொடுப்பது என்றால்
யாரோ ஒருத்தியின் கருப்பையிலிருந்து எடுத்ததை
அரிசிமணி அளவுக்கு நறுக்கி
முதுகுத் தோலுக்கடியில் வைத்துத் தைப்பது.

உரோமமில்லாத எலிகள்.
தன் உடம்பு எது, அயலார் உடம்பு எது என்று
பிரித்துச் சொல்லும் காவலும் உள்ளே இல்லை.
வைத்ததை ஏற்றுக்கொள்ளும்.

எலி வளையானாலும் தனி வளை.
டர்பனில், மலை மேல், நாலாம் மாடியில்
அந்தப் பழமொழியை பிளாஸ்டிக்கில் வார்த்து
அடுக்கி வைத்திருக்கிறோம்.
ஒவ்வொரு கூண்டுக்கும் சொந்தக் காற்று.
பகல் பன்னிரண்டு மணி, இரவு பன்னிரண்டு மணி.
சாட்ஸ்வொர்த்தில் கரண்ட் போனால்
மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நான் சோறு வடிப்பேன்.
இங்கே ஜெனரேட்டர் உறுமும்.
எலிகளின் சூரியன் ஒரு நிமிடம் பிந்தாது.

கினிப்பன்றிக்கு ஹார்மோன் ஏற்றினால் வரும்,
நிறுத்தினால் கரையும்.
ஒரு சாதி எலிக்குப் பரம்பரையிலேயே உண்டு.
கூண்டில் வளர்ந்து ஈனாத யானைக்கும் வருமாம்.
அதைப் படித்த இரவு தூக்கமில்லை.
அவ்வளவு பெரிய வயிற்றில்
எங்கே வலிக்கிறது என்று
அதனிடம் யார் கேட்டிருப்பார்கள்?

உம்லாசியிலிருந்து பெண்கள் வருவார்கள்,
இருக்கையில் விரிக்க ஒரு கருந்துண்டோடு.
எங்களைவிடச் சீக்கிரம், எங்களைவிடப் பெரிதாக
அவர்களுக்கு ஏன் வருகிறது என்று
முழுதாக யாருக்கும் தெரியாது.
நர்ஸ் என்டோம்பிசோத்வா
சம்மதப் படிவத்தை ஜூலுவில் படித்துக் காட்டுவாள்.
ஜெராக்ஸ் எடுப்பது என் வேலை.

எனக்கும் இருந்தது.
எட்டு வருடம் வெள்ளைக் கோட்டுக்குள்ளே
கறுப்புப் பாவாடை.
ஸ்கேன் பார்த்தவர் சொன்னார்:
"கொத்தமல்லி விதை மாதிரி நாலு.
நார்ச்சி அளவில் ஒன்று."
நான் சிரித்துவிட்டேன்.
அவர் கருவியைத் தூக்கிக்கொண்டு பார்த்தார்.

எப்படிச் சொல்வது அவரிடம்,
அது எங்கள் நாரத்தை என்று?
எந்தக் கப்பலில் ஏறியதோ, எவன் நாக்கில் தங்கியதோ,
வால் வெட்டி வேறு வால் ஒட்டி,
புளிப்பெல்லாம் போய்,
வார்விக் சந்தையில் வலைப்பையில் தொங்குகிறது.
வெள்ளைக்காரர் வாயில் வளர்ந்து
என் வயிற்றுக்கே திரும்பி வந்திருக்கிறது.

"உனக்கும் படித்தாக வேண்டும், சட்டம்"
என்றாள் என்டோம்பிசோத்வா.
ஆயிரம் தடவை மெஷினில் புரண்ட தாள்.
அன்றுதான் அதை முதல் தடவையாகக் கேட்டேன்.
*இதனால் உங்களுக்கு நேரடிப் பயன் எதுவும் இராது.*
பேனா அங்கே கொஞ்சம் நின்றது.
இந்த வரியையாவது எனக்குப் படிக்க ஆள் இருந்தது.

ஆறு வாரம் கழித்துத் திரும்பினேன்.
வேறு அறைக்குப் போகிறாயா என்றார் டாக்டர்.
வேண்டாம் என்றேன்.
பெயரெல்லாம் அழித்து எண் போட்டாயிற்று;
மூன்றாம் அடுக்கில் இருபத்துநாலு கூண்டு,
எதில் நான் என்று எனக்கே தெரியாது.
எல்லாவற்றையும் ஒரே மாதிரிதான் பிடிக்கிறேன்,
வால் அடியில், மெதுவாக.
ஒன்று கையுறையை முகர்ந்தது.
அது எல்லா எலியும் செய்வதுதான்.

வெள்ளிக்கிழமை இவற்றின் கணக்கு முடியும்.
முடித்து வைப்பதும் நான்தான்.
பதினோரு வருடமாகக் கை நடுங்கியதில்லை.

பதினேழாம் எண், மருந்து கொடுத்த கூட்டம்.
போன வாரம் நாலு புள்ளி இரண்டு மில்லிமீட்டர்.
இன்று மூன்று புள்ளி ஒன்பது.
கருவியைத் துடைத்து மறுபடி வைத்தேன்.
மூன்று புள்ளி ஒன்பது.
எழுதினேன்.

ஆறு மணி. யாரும் தொடாமல்
விளக்குகள் அணைந்தன.
எலிகளுக்கு இப்போதுதான் விடிகிறது.
இருட்டில் எல்லாக் கூண்டிலும்
மரத்தூளைக் கிளறும் சத்தம்.