சட்டி இல்லை என்கிறது அடுப்பு

லீட்ஸில் அந்த வாரம் மழை விட்டபாடில்லை.
பகல் ஷிஃப்ட் முடிந்து
எக்ஸ்ரே அறையின் குளிர் முழங்கையை விட்டு இறங்குமுன்
செண்பகவல்லிதான் கூப்பிட்டாள்:
‘சந்தைக்குப் பின்னால புதுசா ஒரு கடை.
ஆளுக்கொரு சட்டி, ஆளுக்கொரு அடுப்பு.
வர்றியா ஜெபா?’

வேலைக்கு வந்து மூன்று வாரம்தான் அவள்.
அதற்குள் என் மாவட்டம் தெரியும், தாலுகா தெரியும்,
பஸ் எந்த வளைவில் திரும்பும் என்பதுவரை
வந்து சேர்ந்துவிட்டாள்.

குதிரைலாடம் போல் வளைந்த மேசை.
இருபத்திரண்டு நாற்காலி, இருபத்திரண்டு சட்டி,
கால்படி அரிசி கொள்ளாத சட்டிகள்.
நடுவே ரப்பர் பெல்ட்டில்
கீரை போகிறது, நூல்காளான் போகிறது,
மூடிபோட்ட தட்டில் காடைமுட்டை நாலு
தேர் மாதிரி அசைந்து அசைந்து போகிறது.
ஓட்டை ஓட்டையாய்த் தாமரைக்கிழங்கு
எங்களை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது.

‘ஊர்ல எந்தத் தெரு?’ என்றாள்.
‘எந்தச் சாறு?’ என்றாள் பரிமாறும் பெண், சரியாக அந்நேரம்.
இரண்டாவது கேள்விக்குப் பதில் சொன்னேன்.
தக்காளி.

அப்பா டீ குடித்த கடையில்
கூரைச் சட்டத்தில் தனியாக ஓர் ஆணி உண்டு.
அதில் இரண்டு தம்ளர் தொங்கும்.
குடித்தவரே கழுவி, குடித்தவரே மாட்ட வேண்டும்.
(தம்ளரை நான் பார்த்ததில்லை.
ஆணியை மட்டும் பார்த்திருக்கிறேன்.)
இங்கே எல்லாருக்கும் தனிச்சட்டி.
பக்கத்து நாற்காலியில் டை கட்டிய வெள்ளைக்காரக் கிழவர்
நண்டுத்துண்டைத் தானே பிடித்து, தானே தவறவிட்டு,
தானே சிரித்துக்கொள்கிறார்.
எனக்கும் சிரிப்பு வந்தது.
பதினாறு பவுண்டு கொடுத்து
தனியாக வைக்கப்பட்டிருக்கிறோம், மரியாதையாக.

என் சட்டி கொதித்தது. அவளுடையது கொதிக்கவில்லை.
அடுப்புக் கண்ணாடியில் சிவப்பாய் ஒரு குறி மினுங்கி
சட்டி இல்லை என்கிறது.
சட்டி இருக்கிறது. சாறு இருக்கிறது.
அதில் இஞ்சித்துண்டு மிதக்கிறது.
இல்லை என்கிறது.
தட்டினாள். தூக்கி வைத்தாள். அணைத்துப் போட்டாள்.
இல்லை.

அவள் குச்சிகளின் நடுவே காடைமுட்டை ஒன்று
போகுமிடம் தெரியாமல் நடுங்கியது.
‘இதுல போடேன்’
என் சட்டியை மோவாயால் காட்டினேன்.

அவள் கை நின்றது.
‘மாட்டெலும்புச் சாறா?’
‘தக்காளின்னு சொன்னேனே.’
‘ஆமால்ல.’

தாமரைக்கிழங்கு மறுபடி வந்தது, பார்த்தது, போனது.
அவளுக்குச் சளி பிடித்திருக்கலாம்,
எனக்குத் தொற்ற வேண்டாமே என்றிருக்கலாம்.
கூச்சமாக இருக்கலாம்.
தக்காளி ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம்.
நியாயமான காரணங்கள் எத்தனையோ உண்டு.
ஒவ்வொன்றாய் எண்ணிப் பார்த்தேன்,
எண்ணிப் பழகியவள்.

முட்டை விழுந்தது, என் சட்டியில்.
போட்டாளா, வழுக்கியதா, தெரியாது.
அதற்குள் பரிமாறும் பெண் வந்து
அவள் சட்டியை ஒரு விரற்கடை நகர்த்தி
நடுவில் வைத்தாள்.
அவ்வளவுதான்.
இருக்கிறது என்றது அடுப்பு.

முட்டையைக் கரண்டியில் அள்ளி
அவள் கிண்ணத்தின் மேல் பிடித்தேன்.
கிண்ணம்வரை காத்திருக்கவில்லை அவள்,
கரண்டியிலேயே ஊதி, வாயில் போட்டு,
நாக்கு சுட்டுக் கண்ணில் நீர் வர,
‘உப்பு பத்தலை ஜெபா’ என்றாள்.
பிறகு, வாயைத் துடைத்துக்கொண்டே,
‘எந்தத் தெருன்னு நீ சொல்லவே இல்ல.’

சொன்னேன்.
தெருவின் பெயரை.
அதற்கு ஊர் வைத்திருக்கும் பெயரையும்.
பெல்ட் ஒருமுறை முழுதாய்ச் சுற்றிவர
எவ்வளவு நேரமாகும் என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்போது பொங்கியது அவள் சட்டி.
இஞ்சியும் கீரையும் நுரையுமாய்
விளிம்பேறி, மேசையில் வழிந்து,
என் பக்கம் ஓடி வர,
இரண்டு பேரும் ஒரே நேரத்தில்
அந்தச் சின்னப் பொத்தானைத் தேடினோம்.