ஈரக் கழிவு

எனக்கு வசனம் கிடையாது அந்த நாடகத்தில்.
ஒரு சில்வர் ஓக் கிளையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு
இடமிருந்து வலமாக நடக்க வேண்டும், அவ்வளவுதான்.
கோத்தகிரிப் பள்ளிக்கூடம், எட்டாம் வகுப்பு பி பிரிவு,
பதினொரு பையன்கள் சேர்ந்து ஒரு காடு.

ஹில்டா டீச்சர் கத்துவார்:
காடு சிரிக்கக் கூடாது!
எறும்பு கடித்தாலும் காடு கையை இறக்கக் கூடாது!
கிளையில் எறும்பு இருந்தது.
நாங்கள் இறக்கவில்லை.

விருந்துக்கு வந்த கிழவனை உறக்கத்தில் கொன்று
அரசனானவன் பெனடிக்ட்.
அட்டைக் கிரீடம் காதுவரை இறங்கும்.
காடே கிளம்பி நடந்து வந்தால்தான் உனக்கு அழிவு என்று
சூனியக்காரிகள் சொன்னதும்
அவன் சிரித்த சிரிப்புக்குக் கடைசி பெஞ்சுவரை கைதட்டல்.
காடாவது, நடப்பதாவது.

அரசி, ஹாலன். டீச்சரின் பழைய நைட்டியில்
இல்லாத தண்ணீரில் கை கழுவுவான்,
கழுவிக்கொண்டே இருப்பான்
மணி அடித்த பிறகும்.
இப்போது கேத்தியில் கேரட் கழுவும் மெஷின் வைத்திருக்கிறான்.
பார்க்கும்போதெல்லாம் நான் இதைச் சொல்ல,
ஒருமுறைகூட அவன் சிரித்ததில்லை.

முப்பத்தோரு வருஷம்.
இலை நிறுக்கும் கொட்டகையில் நான் கணக்குப்பிள்ளை.
கொக்கியில் சாக்கு ஏறும், எண் சிவப்பாக எரியும்.
பத்தொன்பது என்றால் பதினேழு எழுத வேண்டும்.
பனியும் மழையும் இலையில் ஒட்டியிருக்கிறதாம்,
அதற்கு ரெண்டு கிலோ. பெயர் ஈரக் கழிவு.
மார்ச்சில் மண் வெடித்துக் கிடக்கும்போதும்
ஈரம் ரெண்டு கிலோதான்.
நான் கண்டுபிடித்ததில்லை,
எனக்கு முன்னால் இருந்தவர் நோட்டிலும் இருக்கிறது.
எனக்கு மாசம் ஐநூறு, தனிக் கவரில்.

நாலு மணிக்குச் சங்கு ஊதும்.
பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறும்.
அப்புறம் அதற்குள்ளிருந்து
முகம் தெரியாது, கால் தெரியாது,
தலைச்சுமையின் வாயில் பிதுங்கும் பச்சை மட்டும்
வரிசையாக அசைந்து மேலே வரும்.

முதல் நாள் பேனா கீழே விழுந்துவிட்டது.

காடு வந்து சேர்ந்தது.
சாக்கை இறக்கி, இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கியது.
சடையம்மா சீட்டைப் பார்த்தாள்.
வாசிக்கத் தெரியும் அவளுக்கு. ஒன்றும் கேட்கவில்லை.
மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு
லைன் வீட்டுக்கு இறங்கினாள்.

நாடகத்தில் இதற்கப்புறம் வாள்சண்டை உண்டு, திரை உண்டு.
பெனடிக்ட் விழுந்து கிடந்தபோது
அவன் அம்மா முன்வரிசையில் நிஜமாகவே அழுதாள்.
இங்கே மறுநாள் நாலு மணி உண்டு.

நேற்று
சடையம்மா சாக்கைக் கொக்கியிலிருந்து எடுக்கவில்லை.
பின்னால் நின்ற முப்பது பேரும் தலைச்சுமையை இறக்கவில்லை.
யாரும் பேசவில்லை. யாரும் சிரிக்கவில்லை.
அந்தக் காட்டுக்குக் கை எப்படி வலிக்கும் என்று
எனக்குத் தெரியும்.
பத்தொன்பது எரிந்துகொண்டே இருந்தது.
நான் பேனா மூடியைத் தேடிக்கொண்டிருந்தேன்.