கட்டணம் குறைவு

சிம்மக்கல் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு 'இ' பிரிவு.
சரியாக அழியாத அல்ஜீப்ராவின் மேல்
மூன்று தலைப்புகளை எழுதிப் போட்டிருந்தார்கள்.

ஒன்று: வைகை ஓர் இரவு மட்டும் மேற்கே ஓடுகிறது. ஏன்?
இரண்டு: செவ்வாய்க் கிரகத்திலிருந்து வந்த பார்சலில்
உங்கள் பக்கத்து வீட்டு முகவரி.
மூன்று: உலகத்துக் கடிகாரமெல்லாம் நின்றபின்
மதியம் இரண்டு மணிக்கு யார் பொறுப்பு?

அறிவியல் புனைகதை. மூன்று மணி நேரம்.
கூடுதல் தாள் கேட்டால் தருவார்கள்.

முன்பெஞ்சில் ஹரிகேசவன், பொறியியல் மூன்றாம் ஆண்டு,
ஸ்கேல் வைத்துப் பூமியின் அச்சைச் சாய்த்துக்கொண்டிருந்தான்.
என் பக்கத்தில் யானைக்கல் பழக்கடைக்காரர்.
'பொறுப்பு நான் இல்லை' என்று ஒரு வரி எழுதிவிட்டு
மின்விசிறியையே பார்த்தார்,
சரியாக இரண்டு மணிக்குத் தாளைக் கொடுத்துவிட்டுப் போனார்.

நான் ரயிலடி ஆர்.எம்.எஸ்ஸில்
பத்தொன்பது வருஷமாக ராத்திரி ஷிப்டில்
தபால் பிரிக்கிறவள்.
இரண்டாவதை விட்டு வேறு எதை எடுப்பேன்?

முதல் சிக்கல், செவ்வாய்க்குப் பின்கோடு கிடையாது.
அதற்கே ஒரு பக்கம் போயிற்று.
எந்தப் புறாக்கூண்டிலும் சேராமல்
மேசைக்கடியில் மூன்று இரவு கிடந்தது பார்சல்.
நாலாம் இரவு எடை போட்டேன்.

அங்கே தராசில் முந்நூற்றெண்பது கிராம்,
அந்த எடைக்குத்தான் தபால்தலை ஒட்டியிருந்தது.
மதுரையில் அதே பொட்டலம் முழுசாக ஒரு கிலோ.
அங்கே லேசாக இருந்ததெல்லாம்
இங்கே வந்ததும் கனக்கிறது.
யார் மேலும் குற்றமில்லை, கிரகம் அப்படி.
ஆனால் விதி இருக்கிறதே:
குறைந்த கட்டணத்துக்கு இரண்டு மடங்கு,
பெறுநரிடம் வசூல்.

பெறுநர் ஜெசிந்தா.
செல்லூர், எங்கள் வரிசையில் கடைசிக்கு முந்தின வீடு,
பள்ளிச் சீருடை தைக்கிறாள், சட்டைக்கு அறுபது ரூபாய்.
அவள் வீட்டுக்காரர் தம்மாம் போய் ஆறு வருஷம்,
போன் நின்று நாலு.

அனுப்புநர் பெயர் இருந்த இடத்தில்
சிவப்பாக ஏதோ மண் அப்பியிருந்தது.
எச்சில் தொட்டுத் துடைத்தேன்.
எழுத்தும் சேர்ந்து போய்விட்டது.

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டுத்
தண்ணீர் குடித்தேன்.

கதையில் நான் செய்தது தப்பு, தெரியும்:
இருநூற்று நாற்பது ரூபாயை என் பையிலிருந்து கட்டி
ரசீதில் அவள் பெயரைப் போட்டேன்.
பெல் அடித்தபோது
பார்சலோடு அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.
அவ்வளவுதான் எழுத முடிந்தது.

சாயங்காலம் முடிவு சொன்னார்கள்.
ஹரிகேசவனுக்கு முதல் பரிசு, வைகை மேற்கே போனதற்கு.
எனக்கு ஆறுதல் பரிசு, ஒரு பிளாஸ்க்.
நடுவர், கல்லூரி இயற்பியல்காரர், மைக்கிலேயே கேட்டார்:
"எடை விஷயம் நன்றாக இருந்தது அம்மா.
ஆனால் உள்ளே என்ன இருந்தது?
கடைசி வரை பார்சலைப் பிரிக்கவே இல்லையே?"

"ஊர்வாரியாப் பிரிப்போம் சார்.
அப்படிப் பிரிக்கிறதில்லை."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ராத்திரி பத்தரைக்கு வீடு திரும்பினால்
ஜெசிந்தா வீட்டில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.
திங்கட்கிழமைக்குள் நாற்பது சட்டை.
"என்னக்கா, பிளாஸ்க்கு?"
"போட்டியில குடுத்தாங்க."
"என்ன எழுதுனீங்க?"
"ஒரு பார்சல் பத்தி."
"யாருக்கு வந்த பார்சலு?"

மெஷின் நின்றிருந்தது.
பாதித் தையலில், துணிக்குள்ளேயே ஊசி.

"அட்ரஸ் தெளிவா இல்ல" என்றேன்.
பணி விதிகளின்படி
நான் சொன்ன முதல் பொய்.